எட்டரை மணித்தியாலங்கள்

2024 ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஐந்தரை மணியிருக்கும். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே அப்போது காலை எட்டு மணி. அழைத்தவர் முன்னொரு காலத்தில் என்னோடு ஒரே மேசையிலிருந்து செய்தி எழுதியவர். வழக்கமான சுகநல விசாரிப்பு எதுவுமின்றி நேராகவே கேட்டார்:

“அண்ணை, அந்த ஐயாவின்ரை பேரைப் போட்டிருக்கிறியள். போடலாமோ?”

எந்த ஐயா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பதினேழு ஆண்டுகளாக எந்தப் பத்திரிகையிலும், எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது என்று நான் காத்துவந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயர் என் இணையத்தளத்தில், என் கட்டுரையின் முதலாம் பந்தியில், முழுதாக, பதவியோடு, அன்று காலை ஒன்பது மணியிலிருந்து கிடந்திருக்கிறது. அதை அங்கே ஏற்றியது வேறு யாருமல்ல, நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் பிழையாகக் கட்டளையிட்டு வைத்த இயந்திரம்.

அந்த இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இடையில் கணினிச் சங்கதிகள் சில வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நான் எழுதியவற்றை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பாமினி எழுத்துருவில் கிடந்தவற்றை யுனிகோடுக்கு மாற்றி, பத்திரிகை நறுக்குகளாக மட்டும் இருந்தவற்றைத் திரும்பத் தட்டச்சிட்டு, சிறிது சிறிதாக வளர்ந்தது இந்தத் தளம். வலைப்பதிவுகள் புதிதாக வந்த காலத்தில் புளொக்கரில் எழுதி, எஃப்.ரி.பி. வழியாக என் சொந்த இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். 2010 இல் புளொக்கர் அந்த வசதியை நிறுத்தியது. பின்னர் எல்லோரையும் போலத் தரவுத்தளம் ஒன்றை நம்பி இயங்கும் முறைக்கு மாறினேன். 2019 இல் தளத்துக்கு இடம் தந்திருந்தவர்களின் வழங்கியில் ஏதோ கோளாறு ஏற்பட்டது. தரவுத்தளம் போயிற்று, அதனோடு இரண்டாண்டு எழுத்தும் போயிற்று. பிரதி எடுத்துவைக்காதது என் குற்றம். பத்திரிகைக்காரன் தன் எழுத்தின் பிரதியைத் தானே வைத்திருப்பதில்லை. அது நூலகத்தில் இருக்கும் என்ற பழைய தைரியம்.

அதன் பிறகுதான் என் மருமகன், தங்கையின் மகன், கொழும்பில் மென்பொருள் வேலை செய்பவன், நிலைப்பக்கத் தளம் என்ற யோசனையோடு வந்தான். அவன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தரவுத்தளத்தில் ஓடும் தளம் கொத்துரொட்டிக் கடை போன்றது. ஆள் வந்து கேட்டபின்தான் தகரத்தில் தட்டத் தொடங்குவார்கள். ஆட்கள் கூடினால் கடை திணறும். நிலைப்பக்கத் தளம் பேக்கரிப் பாண். விடியப்புறமே சுட்டு அடுக்கியாயிற்று. வருபவர் எடுத்துக்கொண்டு போகலாம். உள்ளே தரவுத்தளம் இல்லை, ஆகவே உடைத்து நுழையக் கள்வனுக்கு வழியும் குறைவு. கட்டுரை ஒவ்வொன்றும் மார்க்டவுன் என்னும் எளிய எழுத்துக் கோப்பு. நாளை எல்லாமே நின்றுபோனாலும் கோப்புகள் கையில் இருக்கும்.

2021 இல் அதை அமைத்தோம். எழுதுவதற்கு உலாவியில் திறக்கும் ஓர் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. இன்று அதற்கு டீகப் சி.எம்.எஸ். என்று பெயர், 2023 வரை நெற்லிஃபை சி.எம்.எஸ். என்றார்கள். தலைப்பு, திகதி, கட்டுரை, ‘வரைவு’ என்றொரு சிறு பெட்டி, அவ்வளவுதான் படிவம். சேமித்தவுடன் கட்டுரை கிற் என்னும் பதிப்பு வரலாற்று முறைமையின் களஞ்சியத்தில் போய் விழும். புதிய கோப்பு வந்த அசுமாத்தம் கண்டதும் தொலைவில் எங்கோ ஒரு கணினி விழித்தெழும். களஞ்சியத்தைப் பிரதி எடுக்கும், ஹியூகோ என்னும் செயலியை அழைக்கும். அது என் ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகளையும் சில விநாடிகளில் பக்கங்களாக அடுக்கும். பிறகு அந்தப் பக்கங்கள் உலகத்துக்குப் போய்விடும். நான் தேநீரைக் கையில் எடுத்துக் குடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மருமகனின் உலகத்தில் இதற்கு டிப்ளோய்மென்ற் என்று பெயர். எங்கள் உலகத்தில் அச்சேற்றுதல்.

என் பழைய அச்சகத்தில் இதே காரியத்துக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். 1993 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அச்சுத்தாளும் இல்லை, கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை வந்த காலம். ஜாம்போத்தல் விளக்கில் ஒப்புநோக்குநர் படிப்பார், எழுத்துக்கோப்பவர் திருத்துவார், கடைசியில் செய்தி ஆசிரியர் பக்கத்தின் மூலையில் தன் சுருக்கொப்பத்தை இடுவார். அந்த இரண்டு எழுத்து இல்லாமல் இயந்திரத்தைச் சுழற்ற அச்சகத்தில் யாரும் துணியமாட்டார்கள். அவர் தூங்கிவிட்டால் போய் எழுப்பி வருவார்கள். எனக்கு அது அப்போது வீண் தாமதமாகப் பட்டது. இளம் வயது.

நிற்க. புதிய முறை வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு தொல்லை இருந்தது. காலை எட்டு மணி என்று திகதியிட்டு வெளியிடும் கட்டுரை எட்டு மணிக்கு வராது. ஒன்பதுக்கும் வராது. மத்தியானம் ஒன்றரைக்குப் பிறகு எதையாவது திருத்திச் சேமித்தால், திடீரென்று தோன்றும். வேறு யாராவது என்றால் ஒன்றரை என்ற எண்ணைக் கண்டதுமே விளங்கியிருக்கும். எட்டோடு ஐந்தரையைக் கூட்டினால் ஒன்றரை. படிவத்தில் நான் இட்ட நேரத்தோடு ‘இது இலங்கை நேரம்’ என்ற குறிப்பு இல்லை. ஆகவே ஹியூகோ அதைக் கிறீனிச் நேரம் என்று எடுத்துக்கொண்டது. எதிர்காலத் திகதியுள்ள கட்டுரையை அது இயல்பாகவே வெளியிடாது. எனக்குக் காலை எட்டு மணி, அதற்கு நள்ளிரவு கடந்து இரண்டரை. எட்டு மணிக்குரிய கட்டுரையை அது எப்படி வெளியிடும்?

நேரத்தால் இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1996 இல் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. இடையிலான பத்தாண்டுகள் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. வன்னிக்குப் போகும் செய்தியாளன் ஓமந்தையில் கடிகாரத்தைத் திருப்புவான். ‘பழைய நேரமோ புது நேரமோ’ என்று கேட்காமல் எவரையும் சந்திக்க முடியாது. அப்படி நேரத்தோடு மல்லுக்கட்டிய நான், கணினியிடம் அதே கேள்வியைக் கேட்கத் தவறினேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எனக்குப் பொறுமையில்லை. முதல் நாள் எங்கள் பழைய எழுத்துக்கோப்பாளர் ஒருவர் காலமாகியிருந்தார். பதினொரு மணிக்குத் தகனம். இரவிரவாக இருந்து அஞ்சலி எழுதினேன். கிரியைக்கு வருபவர்களும் வெளிநாட்டிலிருக்கும் அவருடைய பிள்ளைகளும் அதற்கு முன் படிக்க வேண்டும் என்று விரும்பினேன். எட்டு மணி என்று திகதியிட்டுச் சேமித்தேன். வரவில்லை. மருமகனின் தொலைபேசி அணைந்திருந்தது. இணையத்தில் தேடினேன். ஹியூகோவை அழைக்கும் கட்டளையோடு இரண்டு சொற்களைச் சேர்த்தால் மறைந்திருப்பவை எல்லாம் தெரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சொல், எதிர்காலத் திகதியுள்ளவற்றையும் சேர் என்பது. மற்றச் சொல், வரைவுகளையும் சேர் என்பது. முதலாவது மட்டும்தான் எனக்கு வேண்டியது. நான் இரண்டையும் அப்படியே எடுத்து, தானியங்கிக்கான கட்டளைக் கோப்பில் ஒட்டிச் சேமித்தேன். ஒரு நிமிடத்தில் அஞ்சலி வந்துவிட்டது. ஒன்பது மணி. மருமகனின் உதவியில்லாமலே கணினியை வென்றுவிட்ட பெருமிதத்தோடு வேட்டியைக் கட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன்.

அஞ்சலியோடு சேர்ந்து நான்கு வரைவுகளும் வெளியே போயிருந்தன. அவை பழைய திகதியுடையவை. என் முகப்பிலோ அண்மைய ஐந்து பதிவுகள்தான் தெரியும். ஆகவே என் கண்ணில் படவில்லை. ஆனால் செய்தியோடை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மறைவிடம் கிடையாது. ஓடை வழியாகப் படிக்கும் பழைய பழக்கத்தை விடாத ரொறன்ரோ நண்பருக்கு, காலையில் ஐந்து புதிய பதிவுகள் வந்து நின்றன.

அந்த நான்கில் ஒன்றுதான் ஐயாவைப் பற்றியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் நின்ற வரிசைகளை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு மே 2 ஆம் திகதி உதயன் பணிமனைக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். செய்தி எழுதுவதும் செய்தி கொடுப்பதும் உயிரோடு விளையாடும் வேலை. 2007 இல், ஓர் அரச அலுவலகத்திலிருந்த இந்த மனிதர், மக்களுக்கென்று வந்த பொருளுக்கும் மக்களுக்குப் போன பொருளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களை என்னிடம் தந்தார். பணம் கேட்கவில்லை, நன்றியும் கேட்கவில்லை. பேர் மட்டும் வரக்கூடாது என்றார். நான் கொடுத்த சொல்லைப் பதினேழு ஆண்டு காப்பாற்றினேன். (அடையாளங்கள் சிலவற்றை இங்கே வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.) அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் வரைவைத் தொடங்கியபோது, எழுத்து ஓட்டம் தடைப்படாதிருக்க உண்மைப் பெயரையே எழுதிக்கொண்டு போனேன். வெளியிடுவதற்கு முன் மாற்றலாம் என்ற எண்ணம். ‘வரைவு’ என்ற பெட்டியில் அடையாளம் இட்டிருந்தேன். அந்தச் சிறு பெட்டியை நான் பூட்டு என்று நினைத்திருந்தேன்.

தொலைபேசியை வைத்தவுடன் கட்டுரையை அழித்தேன், கட்டளைச் சொற்களை நீக்கினேன். தளம் மீண்டும் கட்டப்பட்டு, பெயர் மறைந்தது. மூச்சு வந்தது. மருமகனை அழைத்துச் சொன்னபோதுதான் அவன் மெதுவாகச் சொன்னான்:

“மாமா, நீங்கள் அழிச்சது புதுப் பதிப்பிலைதான். அதுக்கு முந்தின பதிப்பெல்லாம் களஞ்சியத்திலை அப்பிடியே கிடக்கு. ஆரும் போய்ப் பார்க்கலாம்.”

கிற் எதையும் மறப்பதில்லை. மறக்காமலிருப்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். இரண்டாண்டு எழுத்தை இழந்த எனக்கு மருமகன் அதைச் சிபார்சு செய்ததும் அதனால்தான். செலவில்லாத கணக்கு என்று களஞ்சியத்தைப் பொதுவெளியில் வைத்திருந்தோம். ஆகவே, நான் யோசித்துப் பார்த்தேன், தளத்தில் பெயர் எட்டரை மணித்தியாலங்கள் இருந்தது என்றால், களஞ்சியத்தில் அது நான் வரைவைத் தொடங்கிய நாளிலிருந்தே, ஆறு கிழமையாக, திறந்த வீட்டில் கிடந்திருக்கிறது. வெளியீட்டுச் சேவையும் அப்படியே. ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனி முகவரியில் சேமித்து வைத்திருந்தது, பிழை நேர்ந்தால் ஒரே அழுத்தில் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காக. நல்ல ஏற்பாடுதான். அந்த நல்ல ஏற்பாட்டிலும் பெயர் இருந்தது.

வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் திருத்திய பிறகும் பழைய பதிப்பின் இலக்கத்தை அறிந்தவர் அதைத் திறக்கும் வாய்ப்பு சில காலம் இருக்கும் என்றான் மருமகன். அன்றிரவே முழுக் களஞ்சியத்தையும் அழித்தோம். கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக, பூட்டிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினோம். பழைய வெளியீடுகளையும் நீக்கினோம். தேடுபொறிக்கு நீக்கற் கோரிக்கை அனுப்பினோம். மூன்றாண்டுத் திருத்த வரலாறு அதோடு போயிற்று. எந்தக் கட்டுரையில் எந்தத் தவறை எப்போது திருத்தினேன் என்பதற்கான சாட்சியம் அது. நான் எதையும் களவாக மாற்றுவதில்லை என்று வாசகர்களிடம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பெருமை இல்லை. பிறருடைய ஓடைவாசிப்பான்களில் இறங்கிவிட்டவற்றை எவராலும் திரும்ப அழைக்க முடியாது. விற்ற பத்திரிகையைப் போல.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயமல்ல. எழுபது வயதைத் தாண்டியவர். முற்றத்தில் கதிரையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கச் சொன்னார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கணினி விளக்கங்களை அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார், முகத்தில் மாற்றமில்லை. பிறகு, “எவ்வளவு நேரம் கிடந்தது?” என்றார்.

“எட்டரை மணித்தியாலம், ஐயா.”

“ஆர் பார்த்தது?”

“ஒருத்தர் எண்டு தெரியும். மற்றது தெரியாது.”

அவர் படலைப் பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, “பிள்ளையளுக்கு நான் சொல்லேல்லை. ஒண்டு இப்ப கவுண்மேந்திலை நிக்குது,” என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும். தேநீர் வந்தது. பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. புறப்படும்போது படலைவரை வந்தவர், “எழுதிறதெண்டால் எழுதும். பேர் வேண்டாம்,” என்றார், 2007 இல் சொன்ன அதே சொற்களில்.

அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். இப்படித் தளம் நடத்துபவர்களுக்குப் பயன்படலாம். ஹியூகோவின் அமைப்புக் கோப்பில் நேர வலயம் என்றொரு வரி உண்டு. அதில் ஆசியா/கொழும்பு என்று எழுதியதும் என் காலை எட்டு மணி காலை எட்டு மணியாகிவிட்டது. மூன்று ஆண்டுத் தொல்லைக்கு ஒரு வரி மருந்து. டீகப்பில் ஆசிரிய ஒழுங்கு என்று சொல்லத்தக்க ஒரு முறை உண்டு. அதை இயக்கினால் வரைவு, பரிசீலனை, தயார் என்று மூன்று நிரல்கள் வரும். தயாராகாத கட்டுரை தனிக் கிளையில் கிடக்கும், முதன்மைக் கிளைக்கு வராது. வரைவுப் பெட்டி போலன்றி, இது உண்மையில் ஒரு கதவு.

பெயர்களைப் பிடிக்க ஒரு பொறியும் வைத்தோம். வெளிவரக்கூடாத பெயர்களின் பட்டியல் களஞ்சியத்துக்கு வெளியே, இரகசிய மாறியாக இருக்கிறது. அவற்றில் ஒன்று எந்தக் கட்டுரையிலாவது தென்பட்டால் கட்டுமானம் நின்றுவிடும். ஆங்கிலத்துக்கு இது ஐந்து நிமிட வேலை. தமிழில் மருமகன் இரண்டு இரவு மினக்கெட்டான். உதாரணத்துக்குக் கண்ணன் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லைத் தேடினால் ‘கண்ணனை’, ‘கண்ணனுக்கு’ என்பவை அகப்படா, வேற்றுமை ஏறியதும் கடைசிப் புள்ளி கழன்றுவிடுகிறது. புள்ளியை நீக்கிக் ‘கண்ணன’ என்று தேடினால் எல்லாம் அகப்படும். சண்முகம் என்றால் அதுவும் போதாது, ‘சண்முகத்தை’ ஆகிவிடும். மகரத்தையே வெட்ட வேண்டும். பாமினியிலிருந்து மாற்றிய பழைய கோப்புகளில் வேறொரு வில்லங்கம்: ‘கொ’ என்பது சில இடங்களில் ஒரே குறியோடும், சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியாகவும் இருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேட முடிந்தது. பல்கலைக்கழகத்தில் நான் படித்த புணரியல் முப்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு காரியத்துக்கு உதவியது இதுதான்.

கடைசியாக நான் கேட்ட மாற்றத்துக்கு மருமகன் உடன்படவில்லை. தளத்தைத் தானாகவே கட்டட்டும், முன்னோட்டம் காட்டட்டும், ஆனால் தானாகவே வெளியிட வேண்டாம் என்றேன். கட்டியதை ஒருவர் படித்துப் பொத்தானை அழுத்தினால்தான் வெளியே போக வேண்டும், அந்த ஒருவர் நானாக இருக்கக்கூடாது.

“ஓட்டொமேற் பண்ணிப்போட்டுப் பிறகு ஆளை இருத்திறதெண்டால் என்ன பிரயோசனம் மாமா? ஆளும் பிழைவிடுவினம்தானே.”

விடுவார்கள். ஒப்புநோக்குநர்கள் விட்ட பிழைகளைக் கொண்டு ஒரு நூலே போடலாம். ஆனால் எழுதியவனின் அவசரம் படிப்பவருக்கு இராது. அன்று காலை எனக்கிருந்தது துக்கம், தூக்கமின்மை, தகனத்துக்கு நேரமாகிறது என்ற பதைப்பு. இவை எதுவுமில்லாத ஒருவர் பக்கத்திலிருந்து, ‘ஏன் ஐந்து கட்டுரை போகுது?’ என்று கேட்டிருந்தால் போதும். கட்டுவதில், அடுக்குவதில், அனுப்புவதில் இயந்திரத்தை நான் முழுதாக நம்புகிறேன். எஃப்.ரி.பி.யில் பாதிப் பக்கம் ஏறி அறுந்துபோன இரவுகளுக்குத் திரும்பிப்போக எனக்குச் சம்மதமில்லை. மூலையிலுள்ள அந்தச் சுருக்கொப்பம் மட்டும் இன்னொருவருடையதாக இருக்கட்டும்.

அந்த வேலையை என் மனைவி ஏற்றிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சோறு கறி ஆன பின், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னோட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். ஒற்றுப்பிழை கண்டால் திருப்பி அனுப்புவார். சில கட்டுரைகள் நான்கு நாளும் காத்திருந்ததுண்டு. முன்னோட்டத்தின் முகவரி தெரிந்தால் வேறெவரும் திறக்கலாம் என்பதால், காக்க வேண்டிய பெயர்களை இப்போது நான் கணினியிலேயே எழுதுவதில்லை. பழையபடி கொப்பியில், பென்சிலால்.

இந்தக் கட்டுரையை முந்தநாள் அவரிடம் கொடுத்தேன். முதற்பிரதியில் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிய பேருந்தின் இலக்கமும், இறங்கிய சந்தியின் பெயரும் இருந்தன. இரண்டையும் தொட்டுக்காட்டி, “இது ஏன்?” என்று கேட்டார். நீக்கிவிட்டுத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். இரவு ஒன்பதே முக்கால். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.